பழ ஈயின் இறக்கை எப்போது வளர்வதை நிறுத்துகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் ஓர் ஆய்வகத்தில் சில ஆண்டுகள் ஆய்வு உதவியாளராக இருந்தேன். வேலை, பழ ஈ வளர்ப்பது. கல்யாண வீட்டில் யாராவது "நீ என்ன வேலை பார்க்கிறே?" என்று கேட்டு நான் பதில் சொன்னால், அடுத்து ஒரு சிரிப்பு, அதற்கடுத்து ஒரு கேள்வி. உறவினர்கள், அக்காள் பிள்ளைகள், அவர்களின் தொடக்கக் கல்லூரி நண்பர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். சுருக்கமாகச் சொல்லக்கூடியதைச் சுருக்கமாகவே சொல்லியிருக்கிறேன்.

வாழைப்பழத்தில் மொய்க்குமே, அந்த ஈயா?

ஆமாம், அதேதான். டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர் என்பது முழுப் பெயர். ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளம், செங்கல் நிறக் கண். தமிழில் ஒரு குழப்பம் உண்டு. மாம்பழத்தைத் துளைத்து உள்ளே முட்டையிடும் பெரிய ஈயையும் "பழ ஈ" என்கிறோம். அது விவசாயிகளின் எதிரி, வேறு குடும்பம். நம்முடையது கனிந்து புளிக்கத் தொடங்கிய பழத்தைத் தேடி வருவது. அதற்கு வேண்டியது பழத்தைவிட அதன் மேல் வளரும் ஈஸ்ட்தான். அதனால்தான் ஆய்வகத்தில் அதன் சாப்பாடு சோள மாவு, சர்க்கரை, ஈஸ்ட், கெட்டியாக்க அகர் அகர். கிண்டும்போது வரும் வாசனை கூழையும் தோசை மாவையும் கலந்த மாதிரி இருக்கும்.

உலகத்தில் வேறு உயிரே கிடைக்கவில்லையா?

பத்து நாளில் முட்டையிலிருந்து முழு ஈ. ஒரு பெண் ஈ நூற்றுக்கணக்கில் முட்டையிடும். குரோமோசோம் நான்கே ஜோடி. 1910-இல் தாமஸ் ஹன்ட் மார்கன் நியூயார்க்கில் ஒரு வெள்ளைக் கண் ஈயைக் கண்டதிலிருந்து கணக்குப் போட்டால், நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்ந்த அறிவு இருக்கிறது. அவருக்கு 1933-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இவையெல்லாம் எல்லோரும் சொல்வது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. மனிதனிடம் ஒரே வேலைக்கு இரண்டு, மூன்று, நான்கு மரபணுக்கள் இருக்கும் இடத்தில் ஈயிடம் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். ஒன்றைக் கெடுத்தால் மற்றது கைகொடுக்காது, கோளாறு உடனே வெளியே தெரிந்துவிடும். கீழே வரப்போகும் ஹிப்போ மரபணு ஈயில் ஒன்று, நம்மில் இரண்டு. வார்ட்ஸ் ஒன்று, நம்மில் இரண்டு. யார்க்கி ஒன்று, நம்மில் யாப், டாஸ் என இரண்டு. ஸ்காலப்டு ஒன்று, நம்மில் டீட் என்ற பெயரில் நான்கு. எலியில் தொடங்கியிருந்தால் இந்த மரபணுத் தொடரைக் கண்டுபிடிக்க இன்னும் பல ஆண்டுகள் ஆகியிருக்கும்.

இறக்கை எங்கிருந்து முளைக்கிறது?

புழுவுக்குள்ளேயே இருக்கிறது. புழுவை ஊசிமுனை இடுக்கியால் பிரித்தால், உள்ளே பை போலச் சின்னச் சின்னத் தட்டுகள் தெரியும். இறக்கைக்கு, காலுக்கு, கண்ணுக்கு எனத் தனித்தனித் தட்டு. முட்டையிலிருந்து புழு வெளிவரும்போது இறக்கைத் தட்டில் சில பத்துச் செல்கள்தான். நான்கு நாளில் அவை 30,000-த்தைத் தாண்டிவிடும். பிறகு வளர்ச்சி நின்றுவிடும். கூட்டுப்புழுப் பருவத்தில் அந்தத் தட்டு விரிந்து, நீண்டு, இறக்கையாகும்.

எனக்கு இன்றும் வியப்பு அந்த "நின்றுவிடும்" மீதுதான். வளராத இளம் தட்டை எடுத்து, வளர்ந்த பெண் ஈயின் வயிற்றுக்குள் வைத்தால், அங்கேயும் அது வளரும். உணவு தொடர்ந்து கிடைக்கும், நாள் கணக்குக் கட்டுப்பாடும் கிடையாது. ஆனாலும் ஏறக்குறைய தனக்குரிய அளவை எட்டியதும் அது நிற்கும். தன் அளவு என்ன என்பது அந்தத் தட்டுக்கே எப்படியோ தெரிகிறது.

சமிக்ஞைப் பாதை என்றால் என்ன?

பந்தியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பரிமாறுபவர் வந்துகொண்டே இருப்பார். "போதும்" என்று வாயால் சொன்னால் சிலர் கேட்பதில்லை, இலையை மடித்தால்தான் நகர்வார். செல்லிலும் அப்படித்தான். வெளியே ஒரு செய்தி, அதைப் பிடிக்கச் செல்லின் வெளிச்சவ்வில் ஒரு புரதம், அது இன்னொரு புரதத்தைத் தட்டிவிட, அது மற்றொன்றை. கடைசியில் செய்தி உட்கருவுக்குப் போய் எந்த மரபணு வேலை செய்யவேண்டும், எது சும்மா இருக்கவேண்டும் என்று முடிவாகும். இந்தத் தொடருக்குத்தான் சமிக்ஞைப் பாதை என்று பெயர்.

ஹிப்போ பாதை, ஹிப்போ பாதை என்கிறீர்களே, அது என்ன செய்கிறது?

இலையை மடிக்கிற வேலை. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். முதல் தடவை எனக்கும் தலை சுற்றியது, ஏனென்றால் இதில் எல்லாம் எதிர்மறை.

யார்க்கி என்ற புரதத்திலிருந்து பின்னோக்கி வருவோம். அது உட்கருவுக்குள் போய் ஸ்காலப்டு என்ற புரதத்தோடு சேர்ந்தால் வளர்ச்சி நடக்கும். மூன்று வகை மரபணுக்கள் முடுக்கிவிடப்படும். சைக்ளின்-E (இந்த ஈ ஆங்கில எழுத்து) செல்லைப் பிரியச் செய்யும். டயாப்1 செல் தன்னைத்தானே கொன்றுகொள்வதைத் தடுக்கும். பான்டம் இரண்டுக்கும் துணை நிற்கும். அதாவது யார்க்கி உள்ளே இருந்தால் செல்கள் பெருகும், சாக வேண்டியவையும் சாகாது.

இந்த யார்க்கியை வெளியே நிறுத்துவது வார்ட்ஸ் என்ற நொதி. யார்க்கியின் 168-ஆவது இடத்திலுள்ள செரின் என்ற அமினோ அமிலத்தின் மீது அது ஒரு பாஸ்பேட் குறியை ஒட்டும். குறி விழுந்ததும் 14-3-3 என்ற புரதம் யார்க்கியைப் பிடித்து உட்கருவுக்கு வெளியே வைத்துக்கொள்ளும். வார்ட்ஸுக்குக் கூட்டாளி மாட்ஸ். வார்ட்ஸை எழுப்புவது ஹிப்போ, அதற்குக் கூட்டாளி சால்வடோர்.

ஆக, ஹிப்போ வேலை செய்தால் வார்ட்ஸ் விழிக்கும், யார்க்கி வெளியே நிற்கும், வளர்ச்சி அடங்கும். ஹிப்போ கெட்டால் இலையை மடிக்க ஆளில்லை, பரிமாறுபவர் சோறு போட்டுக்கொண்டே இருப்பார்.

ஹிப்போவை எழுப்புவது யார் என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. மெர்லின், எக்ஸ்பாண்டட், கிப்ரா ஆகியவை செல்லின் மேற்புற ஓரத்தில் உட்கார்ந்து வார்ட்ஸை முடுக்குகின்றன. ஃபேட், டாக்சஸ் என்ற இரண்டு நீளமான புரதங்கள் பக்கத்துச் செல்லோடு கைகோத்து, அண்டையில் யார் என்று பார்க்கின்றன. இழுவிசையும் ஒரு செய்திதான். பரந்து விரிந்த செல்லில் யார்க்கி உள்ளே நுழையும், நெருக்கியடித்த செல்லில் வெளியே நிற்கும். தமிழில் "இடம் பார்த்து நட" என்போமே, செல்லும் இடம் பார்க்கிறது.

இந்தப் பெயர்களெல்லாம் எங்கே பிடித்தார்கள்?

ஈ ஆய்வாளர்களுக்குப் பெயர் வைப்பதில் கொஞ்சம் விளையாட்டுத்தனம் உண்டு. ஒரு மரபணு கெட்டால் ஈ எப்படித் தெரிகிறதோ, அதுவே பெயராகிவிடும். வார்ட்ஸ் கெட்டால் ஈ மேல் மரு போன்ற கட்டிகள் வரும். ஹிப்போ கெட்டால் தலைத்தோல் கருத்து, மடிப்பு மடிப்பாக, நீர்யானையின் கழுத்து மாதிரி ஆகிவிடும். யார்க்கி இல்லாவிட்டால் திசு சின்னதாகும், அதனால் யார்க்‌ஷயர் டெரியர் என்ற குட்டி நாயின் பெயர். பான்டம் என்பது ஒரு குள்ளக் கோழி. இப்படிப் பார்த்தால் ஒரு முழு மிருகக்காட்சிசாலையே ஈக்குள் இருக்கிறது. மண்டாய்க்குப் போக வேண்டியதில்லை.

யார் கண்டுபிடித்தார்கள்?

ஒருவர் அல்ல. முதலில் ஒரு தடை. வளர்ச்சியை அடக்கும் மரபணுவைக் கெடுத்தால் ஈ புழுவிலேயே செத்துவிடும், எதையும் பார்க்க முடியாது. 1993-இல் டியான் ஷூ, ஜெரால்டு ரூபின் இருவரும் ஈஸ்டிலிருந்து எடுத்த ஒரு நொதிக் கருவியைச் செம்மைப்படுத்தினார்கள். அதனால் ஈயின் உடலில் சில திட்டுகளில் மட்டும் மரபணு கெட்டிருக்கும்படி செய்ய முடிந்தது. ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி ஒரு ஈ. கண்ணில் கெட்ட செல்கள் வெள்ளையாகவும் நல்ல செல்கள் சிவப்பாகவும் தெரியும்படி வைத்துக்கொண்டு, வெள்ளை அதிகமா, சிவப்பு அதிகமா என்று பார்ப்பார்கள். வெள்ளை சிவப்பை ஆக்கிரமித்திருந்தால் கெட்ட மரபணு ஒரு பிரேக். ஆயிரக்கணக்கான ஈக்களை நுண்ணோக்கியின் கீழ் புரட்டிப் புரட்டிப் பார்க்கிற வேலை இது. கழுத்து வலிக்கும், நம்புங்கள்.

இப்படித்தான் 1995-இல் இரண்டு குழுக்கள் வார்ட்ஸைக் கண்டன. 2002-இல் சால்வடோர் வந்தது. 2003-இல் ஐந்து குழுக்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் ஹிப்போவை வெளியிட்டன. 2005-இல் மாட்ஸும், டுவோஜியா பான் குழுவின் யார்க்கியும். பத்தாண்டில் ஒரு முழுப் பாதை. எல்லோரும் ஒரே திசையில் தோண்டியதால் ஐந்து பேருக்கும் ஒரே ஊற்று கிடைத்தது. 2003-இல் முந்துவதற்காக எத்தனை பேர் தூங்காமல் இருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்ப்பேன்.

ஹிப்போ ஒன்றுதானா? வேறு பாதைகள் இல்லையா?

நிறைய. டிபிபி என்ற புரதம் இறக்கைத் தட்டின் நடுவில் ஒரு கோடு போலச் சுரந்து இருபுறமும் பரவும். கிட்டே இருப்பவருக்கு அதிகம், தூரத்தில் இருப்பவருக்குக் குறைவு. அந்த அளவை வைத்தே செல் தான் எங்கிருக்கிறோம் என்று கணக்குப் போடும். விங்லெஸ், நாட்ச், ஈஜிஎஃப்ஆர் என்ற பாதைகளெல்லாம் இதே கூட்டத்தில் இருக்கின்றன. மனிதரின் வின்ட் என்ற புரதக் குடும்பத்துக்குப் பெயர் வந்ததிலும் விங்லெஸுக்குப் பங்குண்டு.

இன்சுலின் பாதையைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டுகிறேன், ஏனென்றால் அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு குப்பியில் முட்டை அதிகமாகிவிட்டால் புழுக்களுக்குச் சாப்பாடு பத்தாது. வரும் ஈக்கள் எல்லாம் சின்னதாக இருக்கும். ஆனால் கோணலாக இருக்காது. தலை, இறக்கை, கால் எல்லாம் சரியான விகிதத்தில், யாரோ நகல் இயந்திரத்தில் சிறிதாக்கிய மாதிரி. ஊட்டத்துக்கும் அளவுக்கும் பாலமாக இருப்பது இன்சுலின், டார் பாதைகள். 1999-இல் விவரிக்கப்பட்ட சிக்கோ என்ற மரபணு கெட்ட ஈக்கள் நன்றாகச் சாப்பிட்டாலும் பாதிக்கும் குறைவான எடைதான் இருக்கும். ஸ்பானிஷில் சிக்கோ என்றால் சின்னப் பையன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு தட்டு அடிபட்டால் அது டில்ப்8 என்ற செய்தியைச் சுரக்கும். 2012-இல் இரண்டு குழுக்கள் இதைக் காட்டின. அந்தச் செய்தி போனால் மொத்தப் புழுவும் கூட்டுப்புழு ஆவதைத் தள்ளிப்போடும், அடிபட்ட உறுப்பு வளர்ந்து சேரும்வரை. கடைசி ஆள் வண்டியில் ஏறும்வரை காத்திருக்கும் குடும்பம் மாதிரி.

அப்படியானால் உறுப்பின் அளவை ஹிப்போதான் நிர்ணயிக்கிறது என்று சொல்லலாமா?

நான் சில ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை. யார்க்கியை எடுத்தால் திசு சின்னதாகிறது, அதனால் வளர்ச்சிக்கு யார்க்கி கட்டாயம் என்று முடிவுகட்டினோம். ஆனால் யார்க்கியையும் அதன் கூட்டாளி ஸ்காலப்டையும் சேர்த்து எடுத்தால் திசு பெரும்பாலும் வளர்ந்துவிடுகிறது. காரணம், யார்க்கி இல்லாத ஸ்காலப்டு சும்மா இருப்பதில்லை, மரபணுக்களை அழுத்தி மூடுகிறது. சின்னதானது யார்க்கி இல்லாததால் மட்டுமல்ல, ஸ்காலப்டு தனியாக நின்று தடுத்ததாலும்தான். 2022-இல் ஈயிலும் எலியிலும் செய்த ஆய்வு ஒன்று, ஹிப்போ பாதை இயல்பான வளர்ச்சியைக் கட்டளையிடுவதைவிட மிகைவளர்ச்சியைத்தான் தூண்டவல்லது என்று வாதிட்டது.

ஆகவே என் கருத்து: ஹிப்போ ஓர் அளவுகோல் அல்ல, அது ஒரு பிரேக். பிரேக் அறுந்தால் விபத்து நடக்கும் என்பது உண்மை. அதற்காக வண்டி எவ்வளவு தூரம் போகவேண்டும் என்பதையும் பிரேக்தான் முடிவுசெய்கிறது என்றாகாது. பாடப்புத்தகங்களில் இன்னும் பழைய படமே இருக்கிறது. தேர்வில் அதையே எழுதுங்கள், ஆனால் மனத்தில் ஒரு கேள்விக்குறி வைத்துக்கொள்ளுங்கள்.

செல்கள் ஒன்றையொன்று கொல்லும் என்று கேள்விப்பட்டேனே?

நிஜம். 1975-இல் கினேஸ் மோராட்டாவும் பெட்ரோ ரிப்போலும் ஈயில் கண்டார்கள். மெதுவாக வளரும் செல், தனியாக விட்டால் பிழைக்கும். வேகமான செல்களுக்கு நடுவில் விட்டால் ஒழிக்கப்படும். உறுப்பின் மொத்த அளவு மட்டும் மாறாது. இதைக் கேட்டதும் என் சித்தப்பா "எங்க ஆபீஸ் மாதிரி" என்றார்.

மனிதருக்கு இதனால் என்ன பயன்?

2007-இல் பான் குழு எலியின் கல்லீரலில், யார்க்கியின் பாலூட்டி வடிவமான யாப்பை அளவுக்கு மீறிச் சுரக்கவைத்தது. உடல் எடையில் 5 விழுக்காடாக இருந்த கல்லீரல் 25 விழுக்காடு வரை போனது. சீக்கிரமே நிறுத்தினால் மீண்டும் சுருங்கியது. நிறுத்தாமல் விட்டால் புற்றுக்கட்டி. ஈயில் கண்ட பாதை பாலூட்டியிலும் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடப் பளிச்சென்ற சாட்சி கிடையாது.

நோய் என்று வந்தால் மெர்லினைப் பார்க்கவேண்டும். மனிதரில் அதன் மரபணு என்எஃப்2. அது பிறவியிலேயே கெட்டிருப்பவர்களுக்கு இரண்டு காதின் நரம்பிலும் கட்டிகள் வரும். ஆஸ்பெஸ்டாஸ் தூசால் வரும் மீசோதீலியோமா என்ற நெஞ்சறை உறைப் புற்றிலும் இந்த மரபணு அடிக்கடி கெட்டிருக்கும். யாப்போடு சேரும் டீட் புரதத்தை முடக்கும் மருந்துகள் இப்போது மனிதர்களிடம் சோதனைக் கட்டத்தில் இருக்கின்றன. மற்றப் புற்றுகள் பலவற்றில் யாப் அதிகமாக இருந்தாலும், ஹிப்போ மரபணுக்களே கெட்டிருப்பது அரிது. "ஈயிலிருந்து புற்றுக்கு மருந்து" என்று தலைப்புப் போட்டால் அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்துப் படியுங்கள்.

கல்லீரலில் பாதியைத் தானம் கொடுத்தவருக்கு அது மறுபடி வளர்கிறதே, அப்புறம் எப்படி நிற்கிறது?

எங்கள் உறவில் ஒருவர் தன் அண்ணனுக்குக் கொடுத்தார், அவருடைய மனைவி கேட்ட கேள்வி இது. எலியில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டினாலும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் பழைய எடை வந்துவிடும். மனிதருக்கு வாரங்கள், மாதங்கள். அந்தச் சமயத்தில் யாப் மேலே வருகிறது, பிறகு இறங்குகிறது. இறங்கச் சொல்வது எது என்பதுதான் இறக்கைத் தட்டிலும் நாங்கள் தேடியது.

என் மகனை உயரமாக்க இதில் ஏதாவது வழி இருக்கிறதா?

இல்லை.

சிங்கப்பூரில் இந்த ஆய்வு நடக்கிறதா?

நடந்திருக்கிறது, நல்ல பெயரும் வாங்கியிருக்கிறது. பான்டம் ஒரு மைக்ரோ ஆர்என்ஏ (மற்ற மரபணுக்களை அடக்கும் குட்டி ஆர்என்ஏ) என்று 2003-இல் காட்டிய ஸ்டீபன் கோயன் அப்போது ஜெர்மனியில் இருந்தார். பிறகு இங்கே வந்து டெமாசெக் உயிர் அறிவியல் ஆய்வகத்துக்குத் தலைமை தாங்கினார். அடுத்து பயோபொலிஸ் என்ற ஆய்வு வளாகத்தில் இருக்கும் மூலக்கூறு, செல் உயிரியல் கழகத்தில் பணியாற்றினார். ஈஜிஎஃப்ஆர் பாதையும் ஹிப்போ பாதையும் பான்டம் வழியே பேசிக்கொள்கின்றன என்று 2012-இல் அவர் குழு காட்டியது. அதே கழகத்தில் இருந்த வேறு விஞ்ஞானிகள் 2010-இல் யாப்பும் டீட்டும் எப்படிக் கோத்துக்கொள்கின்றன என்பதன் முப்பரிமாண வடிவத்தை வெளியிட்டார்கள். மருந்து செய்பவர்களுக்குப் பூட்டின் படம் கிடைத்த மாதிரி. தேசியப் பல்கலைக்கழகத்தின் இயந்திர உயிரியல் கழகத்தில் இழுவிசை பற்றிய வேலை நடக்கிறது.

நம் வெயிலுக்கு ஈ வளர்ப்பது சுலபம்தானே?

எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஈக்குப் பிடித்தது 25 டிகிரி. இருப்பு வைக்கும் குப்பிகளை 18-இல் வைப்போம். அதில் ஒரு தலைமுறைக்குப் பத்து நாளுக்குப் பதில் இருபது நாள் ஆகும், உணவு மாற்றும் வேலை பாதியாகும். குளிர்நாட்டில் சூடாக்குவார்கள், நாங்கள் குளிரூட்ட வேண்டும். 30 டிகிரியைத் தாண்டினால் ஆண் ஈக்கள் மலடாகத் தொடங்கும். ஒரு சீனப் புத்தாண்டு விடுமுறையில் நாங்கள் இல்லாதபோது குளிரூட்டி நின்றுவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் ஈக்கள் உயிரோடு சுறுசுறுப்பாக இருந்தன, ஆனால் குப்பிகளில் ஒரு புழுகூட இல்லை. மூன்று மாதக் கலப்பு வேலை போயிற்று. அன்று மதியம் நான் யாரோடும் பேசவில்லை.

இதைப் படிக்க என்ன வேண்டும்?

உயிரியல், வேதியியல், கொஞ்சம் புள்ளியியல். தூரிகை பிடித்த கை நடுங்காமல் இருந்தால் நல்லது, ஏனென்றால் மயங்கிய ஈக்களை ஓவியத் தூரிகையால்தான் பிரிப்போம்.

ஈக்களைக் கொல்வது பாவமில்லையா?

என் பாட்டி கேட்டது. கரியமில வாயுவில் மயக்கி, வேண்டியவற்றை எடுத்துக்கொண்டு, மீதியைச் சாராயம் ஊற்றிய சீசாவில் போட்டுவிடுவோம். அந்தச் சீசாவுக்கு ஆய்வகங்களில் "பிணவறை" என்றே பெயர். மறைக்காமல் சொன்னேன். பாட்டி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "ஏன்டி, ஒரு ஈக்கு ரெக்கை எங்க நிக்கணும்னு தெரியுதுங்கிற. அத எதுக்கு நீ நோண்டுற?" என்றாள். கல்லீரல் தானம் கொடுத்தவரின் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். "சரி, அப்போ நம்ம வீட்டுக் குப்பைத்தொட்டியில மொய்க்குறதையும் புடிச்சிட்டுப் போ, அங்கயே வச்சுக்கோ" என்றாள். வெளி ஈயில் சிற்றுண்ணிகள் ஒட்டியிருக்கும், ஆய்வகத்துக்குள் ஒன்று நுழைந்தாலும் எல்லாக் குப்பிகளும் நாசம் என்பதை அவளிடம் சொல்லவில்லை. மூடியில் ஓட்டை போட்ட ஒரு புட்டியில் கொஞ்சம் வினிகர் ஊற்றி, குப்பைத்தொட்டி பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.